கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு எந்த இங்க்ஜெட் பிரிண்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிண்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது கலர் கணக்கு: ஆறு கலர், எட்டு கலர், பத்து கலர். கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. உள்ளே எத்தனை கறுப்பு, எத்தனை சாம்பல் இருக்கின்றன என்று கேளுங்கள். வீட்டிலேயே பிரிண்ட் போட நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கலர் பிரிண்டர் இருக்கிறது. அதில் கறுப்பு வெள்ளை வராதா?

வரும். எப்படி வருகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும். நான்கு மை கொண்ட பிரிண்டரில் கறுப்பு ஒன்றுதான். வெள்ளைச் சுவரில் விழும் லேசான நிழலை அந்த ஒற்றைக் கறுப்பை வைத்துக் காட்ட வேண்டுமென்றால் புள்ளிகளை எட்ட எட்ட வைக்க வேண்டும். கிட்டே போய்ப் பார்த்தால் மணல் மணலாகத் தெரியும். இதைத் தவிர்க்க பிரிண்டர் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பலை உண்டாக்குகிறது. மூன்றும் சரியான அளவில் விழுந்தால்தான் அது சாம்பல். ஒன்று இம்மி கூடினாலும் கன்னத்தில் பச்சை, வானத்தில் ஊதா. கலர் படத்தில் இந்தப் பிசகு மற்ற வண்ணங்களுக்குள் மறைந்துவிடும். கறுப்பு வெள்ளையில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு தொல்லை, வெளிச்சம் மாறினால் நிறமும் மாறுவது. டியூப்லைட்டின் கீழ் சாம்பலாகத் தெரிந்த பிரிண்டை ஜன்னலோரம் கொண்டுபோனால் பச்சையோ மெஜந்தாவோ ஏறியிருக்கும். இதை மெட்டமெரிசம் என்பார்கள். சாம்பலை உண்டாக்க எவ்வளவுக்கு எவ்வளவு கலர் மை குறைவாகச் செலவாகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு இந்தத் தொல்லையும் குறையும். தனியாகச் சாம்பல் மை வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்படியானால் எத்தனை சாம்பல் இருந்தால் போதும்?

முழுக் கறுப்போடு இரண்டு சாம்பல் இருப்பது நல்லது. ஒன்று நடுத்தரம், மற்றொன்று வெளிர். இந்த ஏற்பாட்டை மேசைமேல் வைக்கும் பிரிண்டருக்குக் கொண்டுவந்து பரவலாக்கியது எப்சன். 2005-ல் வந்த ஆர்2400 பிரிண்டரில் அல்ட்ராகுரோம் கே3 என்ற மை இருந்தது. அச்சுத் துறையில் கே என்றால் கறுப்பு. மூன்று செறிவில் கறுப்பு என்பதால் கே3. கறுப்பு வெள்ளைக்கென்றே தனி மோடும் அதன் டிரைவரில், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளில், சேர்ந்தே வந்தது. அதற்கு முன்பு வீட்டில் நல்ல கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் மையை மாற்றி, மென்பொருளை மாற்றி, பெரும் பாடு பட வேண்டியிருந்தது.

இன்றைய பிரிண்டர்களில் எப்சன் ஷ்யூர்கலர் பி700, பி900 இரண்டும் 2020-ல் வந்தவை. இரண்டிலும் பத்து மை. அவற்றில் ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக், கிரே, லைட் கிரே என நான்கு நம்முடையவை. கேனன் இமேஜ்புரோகிராஃப் புரோ-1000 பிரிண்டரில் பன்னிரண்டு மை. அங்கும் இரண்டு கறுப்பு, இரண்டு சாம்பல். 2024-ல் புரோ-1100 அதன் இடத்துக்கு வந்தது. கேனன் புரோ-300-இல் பத்து மை இருந்தாலும் சாம்பல் ஒன்றே ஒன்று. வெளிர் டோன்களுக்கு அது கலர் மைகளின் துணையைச் சற்று கூடுதலாக நாட வேண்டியிருக்கிறது. பத்து, பத்து என்று கடையில் பி700-ஐயும் புரோ-300-ஐயும் சமமாகச் சொல்லும்போது இந்த வேறுபாடு வெளியே வராது. விலைப்பட்டியலை விட்டுவிட்டு மைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

டை மையா, பிக்மென்ட் மையா?

பிக்மென்ட். டை என்பது நீரில் முழுதாகக் கரைந்த சாயம். பிக்மென்ட் என்பது கரையாமல் மிதக்கும் நுண்துகள். கறுப்புப் பிக்மென்டில் இருப்பது கார்பன். வெளிச்சத்துக்கு அது எளிதில் வெளுக்காது. பருத்திப் பேப்பரில் ஆழமான கறுப்பைத் தருவதும் பிக்மென்ட்தான்.

டை மைக்கும் ஒரு தகுதி உண்டு. பளபளப்பான கிளாஸி பேப்பரில் அது மேற்பரப்புக்குள் ஊறிவிடுவதால் பளபளப்பு ஒரே சீராக இருக்கும். பிக்மென்ட் மேலே படிவதால், சாய்த்துப் பார்க்கும்போது கறுப்பில் செம்பு நிறம் மின்னலாம். மை விழாத வெள்ளை இடம் மட்டும் வேறு பளபளப்போடு தெரியலாம். இதைச் சமாளிக்கத்தான் கேனன் தன் பிக்மென்ட் பிரிண்டர்களில் குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமற்ற மையைக் கூடுதலாக வைக்கிறது. கிளாஸி மட்டுமே போடுவேன், ஆல்பத்துக்குள் வைப்பேன், விலையும் குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு கேனன் புரோ-200 பொருந்தும். எட்டு டை மையில் கறுப்போடு இரண்டு சாம்பல் வைத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டவும் விற்கவும் என்றால் அது வேண்டாம்.

ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக் என்று ஏன் இரண்டு கறுப்பு?

கிளாஸி, பாரைட்டா (பேரியம் சல்ஃபேட் பூச்சுள்ள பேப்பர்) போன்றவற்றில் ஃபோட்டோ பிளாக் ஒட்டும். மேட் பிளாக் மேலே நின்று தேய்த்தால் வந்துவிடும். பளபளப்பில்லாத மேட் பேப்பரில் ஃபோட்டோ பிளாக் போட்டால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். அதனால் இரண்டும் தேவை. ஆர்2400-இல் கார்ட்ரிட்ஜையே கழற்றி மாற்ற வேண்டும். எப்சன் பி600, பி800 ஆகியவற்றில் இரண்டும் உள்ளே இருந்தாலும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்வதால், மாற்றும் ஒவ்வொரு முறையும் வழியில் இருக்கும் மை கழுவி வெளியேற்றப்படும். பி700, பி900, கேனன் புரோ-300, புரோ-1000 எல்லாவற்றிலும் இரண்டுக்கும் தனித்தனி நாசில், அதாவது மை வெளிவரும் நுண்துளைகள். பழைய பிரிண்டர் வாங்குபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். இன்று பாரைட்டா, நாளை மேட் என்று மாறி மாறிப் போடுபவருக்கு இந்த ஒரு வசதியே போதிய காரணம்.

டேங்க் பிரிண்டரில் மை மலிவு. அது ஆகாதா?

கற்றுக்கொள்ள ஆகும். ஆனால் எந்த டேங்க் என்று பாருங்கள். எப்சன் எல்8050, எல்18050 ஆகியவற்றின் ஆறு மையில் கூடுதலாக இருப்பவை வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும். கல்யாண ஆல்பத்தின் தோல் நிறத்துக்கு அவை அருமையானவை. நமக்குச் சாம்பல் இல்லை. எல்8180-இல் ஒரு சாம்பல் மை உண்டு, ஏ3+ வரை போடும். கேனன் ஜி570-இலும் ஒரு சாம்பல் உண்டு, ஆனால் ஏ4 வரைதான். கறுப்பு வெள்ளைக்கு டேங்க்தான் என்று முடிவு செய்துவிட்டால் சாம்பல் உள்ளதையே வாங்குங்கள். நிறைய பிரிண்ட் போட்டுப் பார்த்துக் கை பழகுவதற்கு மலிவான மை பெரிய துணை. படத்தை எவ்வளவு வெளிச்சமாக்க வேண்டும், நிழலை எங்கே திறக்க வேண்டும் என்பதெல்லாம் பேப்பரில் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விலை உயர்ந்த பிக்மென்ட் பிரிண்டரை வாங்கி, அதில் பெயர் தெரியாத மையை ஊற்றாதீர்கள். மை மாறினால் டிரைவர் போட்டுவைத்த கணக்கெல்லாம் தப்பாகிவிடும்.

ஏ4 போதுமா, ஏ3+ வேண்டுமா, ஏ2-வா?

ஏ3+ என்பது 13 அங்குலத்துக்கு 19 அங்குலம். ஓரத்தில் தாராளமாக வெள்ளை விட்டு, ஃபிரேம் போட்டு, வீட்டுச் சுவரில் மாட்ட அது போதும். பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை அதுவே. 24 மெகாபிக்சல் கேமராவில் நீள வாக்கில் 6000 பிக்சல் கிடைக்கிறது. ஏ3-இன் 16.5 அங்குல நீளத்துக்கு அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு 360-க்குச் சற்று மேல் வருகிறது. ஏ2-வில் 256. இரண்டும் நல்ல பிரிண்ட்தான், ஏ2-வை யாரும் மூக்கு முட்டப் பார்ப்பதில்லை.

கண்காட்சிக்குத் தொடர்ந்து கொடுப்பவர்கள், மற்றவர்களுக்கும் பிரிண்ட் போட்டுக் கொடுப்பவர்கள் மட்டும் ஏ2 வரை போடும் 17 அங்குலப் பிரிண்டருக்குப் போகலாம். பி900, புரோ-1000 இரண்டும் அந்த வகை. இடத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். புரோ-1000 ஏறக்குறைய 32 கிலோ. இரண்டு பேர் பிடித்தால்தான் மாடிக்கு ஏறும். பி900 அதில் பாதிதான் இருக்கும்.

எப்சனா, கேனனா?

பிரிண்ட் இரண்டையும் அருகருகே வைத்தால் எது எது என்று பலரால் சொல்ல முடியாது. வேறுபாடு பேப்பர் மேல் மையைத் தெளிக்கும் ஹெட்டில் இருக்கிறது. எப்சன் ஹெட்டில் மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகம் மையைத் தள்ளுகிறது. கேனன் ஹெட்டில் சூடு ஒரு குமிழியை உண்டாக்கி மையைத் தள்ளுகிறது. சூட்டால் கேனன் ஹெட் காலப்போக்கில் தேயும். புரோ-1000-இல் அதை நாமே கழற்றி மாற்றலாம். எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, பக்கத்து நாசிலைக் கொண்டு ஈடுகட்டவும் அதற்குத் தெரியும். எப்சன் ஹெட் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பழுதானால் சர்வீஸ் சென்டர்தான் கதி. ஆகவே அடிக்கடி பிரிண்ட் போடாதவருக்கு கேனனையும், வாரம் தவறாமல் போடுபவருக்கு எப்சனையும் சொல்வேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இந்த வகைப் பிரிண்டரைத் திறந்து பார்க்கத் தெரிந்த சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துவிடுங்கள். மதுரையிலோ நெல்லையிலோ இருப்பவருக்கு இந்த விசாரணை மாடல் நம்பரைவிட முக்கியம்.

டிரைவரில் இருக்கும் கறுப்பு வெள்ளை மோடை நம்பலாமா?

தாராளமாக. எப்சனில் அட்வான்ஸ்டு பிளாக் அண்டு ஒயிட், கேனனில் பிளாக் அண்டு ஒயிட் ஃபோட்டோ என்று அது இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் பிரிண்டர் பெரும்பகுதி வேலையைக் கறுப்பு, சாம்பல் மைகளைக்கொண்டே முடித்துவிடுகிறது. கலர் மை, சாயலைத் திருத்தும் அளவுக்குத் துளித்துளிதான் சேரும். வெதுவெதுப்பான பழுப்புச் சாயல் வேண்டுமா, குளிர்ந்த நீலச் சாயல் வேண்டுமா என்பதையும் அங்கேயே அமைக்கலாம். எப்சன் மோடில் டோன் அமைப்பு பெரும்பாலும் டார்க்கர் என்று நிற்கும். முதல் பிரிண்ட் இருட்டாக வந்தால் அதை ஒரு படி இறக்கிப் பாருங்கள். பி700, பி900-இல் கிளாஸி வகைப் பேப்பருக்கு கார்பன் பிளாக் என்றொரு வசதியும் உண்டு. கறுப்பின் மேல் சாம்பல் மையை ஒரு பூச்சாகப் போட்டு அதை இன்னும் ஆழமாக்குகிறது.

ஒரு குறை: இந்த மோடில் வழக்கமான ஐசிசி புரொஃபைல் (இந்தப் பிரிண்டரும் பேப்பரும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல்) வேலை செய்யாது. பிரிண்ட் எப்படி வரும் என்று திரையில் முன்கூட்டியே துல்லியமாகப் பார்ப்பது கடினம். சிறு துண்டில் போட்டுப் பார்த்துப் பழகுவதே வழி.

குவாட்டோன் ரிப், பீசோகிராஃபி என்றெல்லாம் சொல்கிறார்களே?

குவாட்டோன் ரிப் என்பது ராய் ஹாரிங்டன் எழுதிய மென்பொருள். எப்சன் பிரிண்டர்களுக்காகவே உருவானது. டிரைவரை ஒதுக்கிவிட்டு, எந்த டோனுக்கு எந்த மை எவ்வளவு விழ வேண்டும் என்று நாமே வரையறுக்க இடம் தருகிறது. பீசோகிராஃபி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் கோன் தொடங்கியது. அங்கே கலர் மையையே அகற்றிவிட்டு, எல்லா இடத்திலும் வெவ்வேறு செறிவுள்ள கறுப்பு, சாம்பல் மைகளை நிரப்புவார்கள். வெளிர் டோன்களில் அது தரும் மென்மை அபாரமானது. அந்தப் பிரிண்டர் அதன் பிறகு கலருக்கு உதவாது, மையையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். பிளாட்டினம் உப்பு பூசிய பேப்பரில் பழைய முறைப்படி பிரிண்ட் போடுபவர்களுக்குப் பெரிய நெகட்டிவ் அச்சிடவும் குவாட்டோன் ரிப் உதவுகிறது. முதல் ஓரிரு வருடம் இவை எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. டிரைவர் மோடின் எல்லையை முட்டிப் பார்த்த பிறகு யோசியுங்கள்.

பேப்பர் அவ்வளவு முக்கியமா?

பிரிண்டருக்குச் சமமாக முக்கியம். சில சமயம் அதைவிடவும்.

கறுப்பின் ஆழத்தை டிமேக்ஸ் என்ற எண்ணால் அளப்பார்கள். மேட் பேப்பரில் அது 1.6 அளவில் நிற்கும். நல்ல பாரைட்டாவில் 2.3-ஐத் தாண்டும். அது மடக்கைக் கணக்கு என்பதால் வேறுபாடு சிறிதாகத் தெரிகிறது. 1.6 என்றால் விழும் வெளிச்சத்தில் 2.5 சதவீதம் திரும்பி வருகிறது, 2.3 என்றால் அரை சதவீதம்தான். ஐந்து மடங்கு வித்தியாசம். கோயில் பிராகாரத்துத் தூண்களுக்கு நடுவே இருக்கும் இருட்டு, இரவுத் தெரு, ஆழமான நிழல் உள்ள முகம் என்றால் பாரைட்டாவுக்குப் போங்கள். ஹானமுலே ஃபோட்டோ ராக் பாரைட்டா, கேன்சன் பாரைட்டா ஃபோட்டோகிராஃபிக் போன்றவை இருட்டறையில் ஃபைபர் பேப்பரில் போட்டவர்களுக்குக் கை பழகிய உணர்வைத் தரும்.

பனிமூட்டம், கடல், சுண்ணாம்புச் சுவர், வெளிர்ந்த வானம் என்றால் எனக்குப் பருத்தி மேட்தான். ஹானமுலே ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு), கேன்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம் இரண்டும் நூறு சதவீதம் பருத்தி. கறுப்பு அவ்வளவு ஆழமாக இராது, ஆனால் கண்ணாடி இல்லாமல் எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் வெளிச்சம் தெறிக்காது.

பேப்பரின் வெள்ளையையும் பாருங்கள். பளீரென்று நீலம் கலந்த வெள்ளையாக இருந்தால் அதில் ஒளிரூட்டும் ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள். வருடங்கள் போகப் போக அது செயலிழந்து பேப்பர் மஞ்சளாகத் தெரியும். கேன்சனின் ராக் ஃபோட்டோகிராஃபிக், பிளாட்டைன் ஃபைபர் ராக் இரண்டிலும் அது கிடையாது.

தொடக்கத்தில் பத்து விதமான பேப்பர் வாங்காதீர்கள். ஒரு பாரைட்டா, ஒரு மேட். இரண்டையும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனிகள் விற்கும் மாதிரிப் பேப்பர் பாக்கெட்டில் தொடங்கினால் செலவு குறையும்.

திரையில் பிரகாசமாக இருக்கிறது, பிரிண்ட் இருட்டாக வருகிறது. பிரிண்டர் கோளாறா?

அநேகமாகத் திரைதான் காரணம். லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தினால், நிழல் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகத் தோன்றும். பிரிண்டுக்குத் திருத்தும்போது சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை திரை வெளிச்சம் போதும். அளக்கும் கருவி இல்லையென்றால், நீங்கள் பிரிண்டைப் பார்க்கும் அதே விளக்கின் கீழ் ஒரு வெள்ளைப் பேப்பரைத் திரைக்கு அருகில் பிடியுங்கள். திரையின் வெள்ளையும் பேப்பரின் வெள்ளையும் ஒத்துவரும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் தூசுக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளாதா?

பயப்படும் அளவுக்கு இல்லை. கடலோர ஊர்களின் ஈரக் காற்று உண்மையில் ஹெட்டுக்கு நல்லது, மை காய்வதில்லை. இரவும் பகலும் ஏசி ஓடும் அறையின் வறண்ட காற்றுதான் அதைக் காயவைக்கிறது. 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் வசதியான அளவு. வாரம் ஒருமுறை எல்லா மையும் ஓடும்படி ஒரு சிறு படம் போடுங்கள். எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று கோடுகளாகப் போட்டுக் காட்டும் நாசில் செக் எடுத்துப் பார்த்து, கோடு விடுபட்டிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங் கொடுங்கள். சும்மா சும்மா கிளீனிங் கொடுப்பது மையைக் கொட்டுவதற்குச் சமம்.

மின்தடையைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். பிரிண்ட் நடுவில் கரண்ட் போனால் ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமல் திறந்தபடி நின்றுவிடும். சில மணி நேரத்தில் மை காய்ந்துவிடும். ஒரு யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கும்போதும் பிரிண்டரின் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும், சுவரில் உள்ள சுவிட்சை அல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கஷ்டப்படுவது பேப்பர். ஓரம் சுருண்டு, ஹெட்டில் உரசி, கறுப்புக் கோடு விழும். வாங்கிய பிளாஸ்டிக் உறையிலேயே மூடி, படுக்கை வாக்கில் வையுங்கள். மேட் பேப்பரைப் பிரிண்டுக்கு முன் மென்மையான பிரஷ்ஷால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். தூசி மேல் மை விழுந்தால், தூசி உதிரும் இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

பிரிண்டர் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கார்ட்ரிட்ஜ் விலையை அதன் மில்லிலிட்டரால் வகுத்துப் பாருங்கள். புரோ-300-இல் ஒரு கார்ட்ரிட்ஜ் 14.4 மில்லி, பி700-இல் 25, பி900-இல் 50, புரோ-1000-இல் 80. சிறிய கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லியின் விலை கூடுதலாகவே இருக்கும். பி700-க்கும் பி900-க்கும் மை ஒன்றேதான். மாதம் நிறையப் போடுபவருக்கு இரண்டாவதே காலப்போக்கில் சிக்கனம். புதுப் பிரிண்டரோடு வரும் முதல் மையில் ஒரு பங்கு உள்குழாய்களை நிரப்பவே போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நல்ல பருத்திப் பேப்பர் பயன்படுத்தினால் ஒரு பிரிண்டில் மையைவிடப் பேப்பருக்கே அதிகம் ஆகும்.

மாதத்துக்கு இரண்டு மூன்று பிரிண்ட்தான் என்றால் வாங்கவே வேண்டாம். பிக்மென்ட் பிரிண்டர் வைத்திருக்கும் நல்ல லேபில் கொடுங்கள், பக்கத்தில் நின்று போட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

எதிரிலேயே நாசில் செக் எடுத்துக் காட்டினால் மட்டும். எல்லாக் கோடுகளும் முழுதாக இருக்க வேண்டும். "கொஞ்ச நாளா ஓட்டலை, கிளீன் பண்ணினா சரியாயிடும்" என்றால் விட்டுவிடுங்கள்.

இன்க்ஜெட் பிரிண்டை உண்மையான ஃபோட்டோ பிரிண்டாக ஏற்கிறார்களா?

அந்த வாதம் எப்போதோ முடிந்துவிட்டது. இசைக்கலைஞர் கிரஹாம் நாஷ் தன் கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிடுவதற்காகவே ஐரிஸ் 3047 என்ற பெரிய இன்க்ஜெட் பிரிண்டரை வாங்கினார். 1991-ல் கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற பிரிண்ட் கூடம் தொடங்கியது. அந்த பிரிண்டர் இன்று ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்றைய மை சீக்கிரம் வெளுத்தது. அந்தக் குறையைப் பிக்மென்ட் மை தீர்த்தது. இன்று கம்பெனிகள் சொல்லும் ஆயுள்கணக்கு பெரும்பாலும், பிரிண்டுகள் எவ்வளவு காலம் வெளுக்காமல் இருக்கும் என்று ஆராயும் வில்ஹெல்ம் ஆய்வகத்தின் சோதனைகளைச் சார்ந்தது. தினமும் 12 மணி நேரம், 450 லக்ஸ் வெளிச்சம், கண்ணாடி ஃபிரேமுக்குள் என்று வைத்து அவர்கள் கணிக்கிறார்கள். நேர் வெயில் விழும் வரவேற்பறைச் சுவர் அந்தக் கணக்கில் இல்லை.

கடையில் என்ன பிரிண்ட் எடுத்துப் பார்த்து முடிவு செய்வது?

கடையில் மாட்டியிருக்கும் கிளிப் படத்தையும் பூப் படத்தையும் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் படம் ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஆழ்ந்த நிழலும் மேகம் உள்ள வானமும் இருக்கும் படமாக இருக்கட்டும். கூடவே வெள்ளையிலிருந்து கறுப்புவரை 21 படிகள் உள்ள ஒரு பட்டை. கறுப்பு வெள்ளை மோடில் போடச் சொல்லுங்கள். பட்டையின் கடைசி மூன்று கறுப்புப் படிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றனவா, முதல் இரண்டு வெளிர்ப் படிகளில் புள்ளி தெரிகிறதா, நடுவில் எங்காவது நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். மை உலரப் பத்து நிமிடம் கொடுத்து, பிரிண்டோடு கடை வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.